தை விதைப்பும் வற்றல் பானையும்

சேலம் வட்டாரத்து நெசவாளர் சங்கங்களுக்குத் தணிக்கைக்குச் செல்லுங்கால், ஒரு செய்தியைக் கணக்கேடுகளில் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். புரட்டாசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் அங்கத்தினர் முன்பணம் கேட்பது மிகுகிறது. பாவு நீட்டிக் கஞ்சி போட வழியில்லை, தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது, கூலி குறைகிறது. சந்தையில் காய்கறி விலையோ அப்பொழுதுதான் ஏறுகிறது.

அக்காலத்தில் கொல்லைப்புறத் தோட்டம் குடும்பத்தைத் தாங்கவேண்டும். பாதியளவே தாங்குகிறது என்பது நம் கருத்து. உழைப்புக் குறைவு காரணமன்று; பட்டக் கணக்கே காரணம்.

ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம். நல்ல வழக்கமே. ஆயினும் ஆடியில் ஊன்றிய வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கி, புரட்டாசியில் கூடை கூடையாய்க் குவிகிறது. வீட்டில் தின்று தீராது. விற்கப்போனால் ஊரெல்லாம் வெண்டை. வற்றல் போடலாமெனில் வெயிலில்லை. இரண்டு நாள் மூட்டம் போட்டால் முறத்திலுள்ளது பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகிறது. இதற்கிடையே மஞ்சள் நரம்புத் தேமல் வேறு. வெள்ளை ஈ பரப்பும் அந்நோய்க்கு மருந்தில்லை, செடியைப் பிடுங்கி எறிவதே வழி. கத்தரியில் பாதி புழுவுக்கு. கொத்தவரை ஒன்றுதான் எவரையும் ஏமாற்றுவதில்லை. அதை ஏனோ நம்மவர் மதிப்பதில்லை!

ஆகவே, ஆடி விதைப்பு உண்பதற்கு, தை விதைப்பு வற்றலுக்கு என வகுத்துக்கொள்ள வேண்டுகிறோம். தையில் ஊன்றிய வெண்டையும் கொத்தவரையும் பங்குனி, சித்திரையில் காய்க்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மார்கழியிலேயே நாற்று விடவேண்டும். கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது என்பர். பாத்திரம் கழுவும் நீரும் அரிசி களைந்த நீரும் பத்துப் பதினைந்து செடிகளைக் காக்கும். சாயம் கழுவிய நீரை மட்டும் மறந்தும் விடலாகாது.

வற்றல் போடும் வகையை நம் தாய்மாருக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் ஒன்று. பச்சைக்காயில் நூற்றுக்கு 90 பங்கு அளவில் நீரே; 10 கிலோ காய் ஏறக்குறைய 1 கிலோவாகச் சுண்டவேண்டும். அதற்குமுன் அள்ளிப் பானையில் இடுவோர் பலர். ஒடித்தால் முறியவேண்டும்; வளைந்தால் ஈரமுண்டு. பூசணம் பிடித்த மிளகாயில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு தோன்றலாம். எண்ணெயில் வறுத்தாலும் அது முற்றும் நீங்காது. வெயிலில் சி வைட்டமின் பெரிதும் அழிவதால், வற்றல் பச்சைக்காய்க்கு முழு ஈடன்று என்பதும் நினைவிலிருக்கட்டும். வேலியோரம் ஒரு முருங்கை நிற்பது நலம்.

நிற்க. குறுகிய சந்துகளில் வாழும் தறிக்காரர் காயவைக்க இடத்துக்கு எங்கே போவர்? பாவடி இருக்கிறது. பாவு வேலை காலை வெயில் ஏறுமுன் முடிந்துவிடும்; பின்னர் திடல் வெறுமையே. சில ஊர்களில் நாள் முழுதும் வெறுமை. அங்கே கயிற்றுக் கட்டில்களில் பழைய வேட்டி விரித்து, மேலே மெல்லிய துணி போர்த்தினால் தூசியும் ஈயும் அண்டா. காவலுக்கு ஒருவரை அமர்த்தும் செலவைச் சங்கம் ஏற்கலாம். கூலியில் சேமிப்புக்குப் பிடித்தம் செய்யும் சங்கத்துக்கு, மழைக்காலக் குழம்புக்கான சேமிப்பு அயலானதாகத் தோன்றவேண்டியதில்லை. விதையைப் பக்கத்து விவசாயச் சங்கத்திலேயே மொத்தமாக வாங்கலாம். கார்த்திகைக்குள் நிர்வாகக் குழு கூடித் தீர்மானித்தால் வருகிற தைக்கே விதை கைக்கு வந்துவிடும்.