ஐரோப்பா விரிந்தால் எமக்கென்ன?

ஆனையிறவு, பரந்தன் பக்கத்திலிருந்து விடியப்புறமே கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்களில் பலர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். இலங்கையில் தைக்கும் உடுப்புக்களை அதிகமாக வாங்குபவை அமெரிக்காவும், ஐரோப்பிய ஒன்றியமும், பிரித்தானியாவும். ஆகவே ஐரோப்பாவில் எடுக்கும் தீர்மானம் எமது அடுப்படி வரை வருகிறது. இம்மாதம் அதைப் பார்ப்போம்.

ஐரோப்பிய ஒன்றியம் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேலி அடைத்த வளவு போன்றது. உள்ளே சுங்கவரி இல்லை. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு, எந்தப் படலையால் வந்தாலும் ஒரே வரிதான். 1957 இல் ஆறு நாடுகளுடன் தொடங்கிய இந்த வளவு, 2004 மே 1 இல் பத்து நாடுகளை ஒரேநாளில் சேர்த்துக்கொண்டது. 2007 இல் பல்கேரியாவும் ருமேனியாவும், 2013 இல் குரோசியாவும் சேர்ந்தன. 2020 இல் பிரித்தானியா விலகியது. உக்ரைனும் மோல்டோவாவும் 2022 இல் வேட்பாளர் நாடுகளாக ஏற்கப்பட்டன.

வேலி விரியும்போது வெளியில் நிற்கும் வறிய நாட்டுக்கு நன்மையும் உண்டு, பாதிப்பும் உண்டு. ஒன்றியம் எமக்குத் தரும் வரிச்சலுகை புதிய நாடுகளிலும் செல்லும், இது நன்மை. ஆனால் புதிதாகச் சேர்ந்த நாட்டுக்கு முதலீடும் உதவியும் போகும். அதன் பொருள் கிட்டவிருந்து, வரியில்லாமல், சில நாட்களில் கடைக்கு வந்துவிடும். எமது பொருளோ வாரக்கணக்கில் கப்பலில் போகவேண்டும். ஆகவே எமக்குச் சலுகை அவசியமாகிறது.

அந்தச் சலுகைதான் ஜீ.எஸ்.பி. பிளஸ். 2005 இல் அது இலங்கைக்குக் கிடைத்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் உலக ஆடை வர்த்தகத்தின் கோட்டா முறையும் முடிவுற்று, சீனாவுடன் நேரடிப் போட்டி வந்திருந்தது. மனித உரிமை உடன்படிக்கைகள் மூன்றை அரசு சரிவர நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, 2010 ஓகஸ்டில் ஒன்றியம் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம் மீண்டும் வழங்கியது.

கணக்கைப் பாருங்கள். ஆடைக்கான வழமையான வரி பெரும்பாலும் 12 வீதம். சாதாரண சலுகையில் 9.6 வீதம். பிளஸ் இருந்தால் வரியே இல்லை. அதாவது பிளஸ் இல்லாத காலத்தில், ஆயிரம் ரூபா பெறுமதியான உடுப்புக்கு 96 ரூபா வரி. வாங்குபவர் அதைத் தான் ஏற்கமாட்டார். விலையைக் குறைக்கச் சொல்வார். அந்தச் சுமை கடைசியில் இலக்கைக் கூட்டுவதாகவும் மேலதிக நேரமாகவும் தைப்பவளிடம் இறங்கும்.

பிளஸ் கிடைத்தாலும் எல்லா உடுப்புக்கும் வரி நீங்குவதில்லை. பொதுவாகத் துணியும் இங்கேயே உற்பத்தியாகியிருக்க வேண்டும், அல்லது நிபந்தனைகளுடன் சார்க் நாடொன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். நாமோ பெருமளவு துணியைச் சீனாவிலிருந்து இறக்குகிறோம். பங்களாதேசம் போன்ற மிக வறிய நாடுகளுக்கு 2011 முதல் தையல் மட்டும் போதும்.

சகோதரிகளே, இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 2017 இல் சலுகை திரும்பியபோது, 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதே நிபந்தனையாக இருந்தது. அவற்றில் எட்டு, சர்வதேச தொழில் நிறுவனத்தின் அடிப்படை உடன்படிக்கைகள். சம வேலைக்குச் சம ஊதியம், பெண் என்பதால் பாகுபாடு காட்டாமை, சங்கம் சேரும் உரிமை என்பன அவற்றுள் அடங்கும். எனவே சலுகை முதலாளிக்கு மட்டும் உரியதல்ல. அது உங்கள் உரிமையின் பெயரால் வாங்கிய சலுகை.

ஆடைத் தொழிற்சாலையோ, உப்பளமோ, வேலைக்குச் சேர்ந்ததும் நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் போகவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். அதை உங்களிடம் கழிக்கமுடியாது. பணம் போகவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். தனியே போகத் தயக்கமென்றால் நாலுபேராகப் போங்கள்.