மாடிக்குக் கம்பி விட்டவர்கள்

கணினி விற்கிறவர்களிடம் ஒரு வாக்கியம் இருக்கிறது. “சாதாரண ஆளுக்கு அதெல்லாம் எதுக்கு சார்?” அதெல்லாம் என்றால், பிற்பாடு ராம் கூட்டிக்கொள்ளும் வசதி, இன்னொரு டிஸ்க் போட இடம், நாலு ஸ்க்ரூ கழற்றினால் திறக்கிற பெட்டி. அதெல்லாம் கேம் ஆடுகிற பையன்களுக்கும் எஞ்சினியர்களுக்கும்தானாம். வீட்டுக்கு வாங்குகிற சனத்துக்கு மெல்லிசாக ஒரு லேப்டாப் போதுமாம். இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

கம்மாபுரத்தில் ஏதாவது ஒரு தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். மொட்டைமாடித் தூண்களுக்கு மேல் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும். இப்போதைக்குக் கீழ்த்தளம், மகன் வேலைக்குப் போனதும் மாடி. அஸ்திவாரம் தோண்டும்போதே மேஸ்திரியிடம் “மாடி தாங்குமா?” என்று கேட்காதவர் இங்கே யார்? பக்கத்து நெய்வேலியும் அப்படி வளர்ந்ததுதான். 1962-இல் ஒரே ஒரு 50 மெகாவாட் அலகோடு தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், அலகு அலகாகச் சேர்த்து 1970-இல் 600 மெகாவாட் ஆனது. இந்த மண்ணில் வந்து ‘விரிவாக்கம் உங்களுக்குப் புரியாது’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

எதிர்வீட்டு அக்கா, மகள் கல்லூரியில் சேர்ந்தபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைத்தம்பி பத்து நிமிஷம் எண்களாகவே பேசினான். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: “தம்பி, மூணு வருஷம் கழிச்சு ஸ்லோ ஆனா என்ன பண்றது?”

“புதுசு எடுத்துக்கலாம்கா, எக்ஸ்சேஞ்ச் இருக்கு.”

அந்த மாடலில் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. அதை அவன் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

தகராறு பழையது. 1977-இல் வந்த ஆப்பிள் 2-இல் எட்டு ஸ்லாட் இருந்தன. இரண்டு போதும் என்றார் ஜாப்ஸ். எட்டுதான் என்று நின்றவர் வாஸ்னியாக். 1984-இல் மெக்கின்டாஷ் ஸ்லாட்டே இல்லாமல், 128 கிலோபைட் ராமோடு மூடிய பெட்டியாக வந்தது. சனங்களுக்கு எளிமை வேண்டும் என்பது நியாயம். வேண்டும்தான். ஆனால் எளிமைக்கும் சீல் வைப்பதற்கும் என்ன சம்பந்தம்? கேஸ் சிலிண்டர் மாற்ற நம் வீட்டு அம்மாக்கள் எங்கே போய்ப் படித்தார்கள்? தப்பினால் வெடிக்கிற சாமான். வால்வையும் ரெகுலேட்டரையும் ஒரே அளவில் செய்து கொடுத்தார்கள், ‘க்ளிக்’ என்று பொருந்துகிறது, தீர்ந்தது விஷயம்.

இன்னொன்றும் உண்டு. சாதாரண ஆள் பெட்டியை அவரே திறக்க வேண்டியதில்லை. திறக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால் போதும். ஒரு காலத்தில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பாகங்கள் வாங்கிவந்து அசெம்பிள் செய்த கணினிகள் ஊர்ப்பக்கமெல்லாம் பரவியது ஒரு சர்வீஸ் பையனை நம்பித்தான். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவற்றில் சில, ராம் கூட்டி, எஸ்எஸ்டி போட்டு இன்னமும் ஓடுகின்றன. பற்றவைத்த ராம் முதலில் பறிப்பது அந்தப் பையனின் பிழைப்பைத்தான்.

பற்றவைத்த ராம் மின்சாரம் குறைவாகத் தின்னும், வேகமும் கூடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே வகை ராமைக் கழற்றி மாட்டுகிற பலகையாக, எல்பிகேம்2 என்ற பெயரில், 2024-லேயே லேப்டாப்பில் போட்டுக் காட்டிவிட்டார்கள். இப்போதைக்கு அது விலை கூடிய மாடல்களுக்கான சமாச்சாரம். மாடி கட்டுகிற வசதியும் பணக்காரருக்கு மட்டும், பாருங்கள்.

எனக்கு வேண்டியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. 2006-இல் மின்சாரச் சிக்கனத்துக்கு ஸ்டார் ஒட்டத் தொடங்கினார்கள். இன்று யூனிட் கணக்குத் தெரியாத பாட்டிகூட “ஃப்ரிட்ஜ் எத்தனை ஸ்டாருப்பா?” என்கிறாள். கணினிப் பெட்டியின் மேலும் தமிழில் மூன்று வரி எழுதுங்கள். ராம் கூட்ட முடியுமா, எதுவரை, டிஸ்க் மாற்ற முடியுமா. ‘முடியாது’ என்றால் ‘முடியாது’ என்றே எழுதுங்கள், விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில். அப்புறம் எது விற்கிறது என்று பார்ப்போம்.