கிரிப்டோ வச்சிருக்கீங்களா? ஹேக்கரைவிட வீட்டு முகவரிதான் ஆபத்து!

2025 ஆகஸ்ட் 29 அன்று அகமதாபாத் சிறப்பு நீதிமன்றம் 14 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் 11 பேர் போலீஸார். அம்ரேலி மாவட்ட எஸ்.பி.யாக இருந்த ஜெகதீஷ் படேல், முன்னாள் எம்.எல்.ஏ. நளின் கோட்டாடியா ஆகியோரும் தண்டிக்கப்பட்டனர். 2018-ல் சூரத் தொழிலதிபர் ஒருவரைக் கடத்தி, 200 பிட்காயின் கேட்டு மிரட்டிய வழக்கு இது. இதில் ஹேக்கிங்கே கிடையாது. அவரிடம் பிட்காயின் இருப்பது தெரிந்தது, ஆளைத் தூக்கினார்கள். அவ்வளவுதான்.

ஏன் ஆளையே தூக்குறாங்க?

வங்கிப் பணம் பறிபோனால் 1930-க்கு உடனே அழைத்து, பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. கிரிப்டோ பரிமாற்றம் உறுதியாகிவிட்டால், அதை ரத்து செய்ய யாராலும் முடியாது. பாஸ்வேர்டை உடைப்பது கஷ்டம். பாஸ்வேர்டு தெரிந்தவரை மிரட்டுவது சுலபம். இதற்கு 'ரெஞ்ச் அட்டாக்' என்றே பெயர். 2025 ஜனவரியில் பிரான்ஸில் லெட்ஜர் நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பல்லாண்ட் மனைவியுடன் கடத்தப்பட்டார். மீட்பதற்குள் அவரது விரல் ஒன்று வெட்டப்பட்டிருந்தது.

நம்ம விவரம் எப்படி வெளியே போகுது?

2020-ல் லெட்ஜர் வாடிக்கையாளர்கள் சுமார் 2.72 லட்சம் பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் இணையத்தில் கசிந்தன. காயின்பேஸ் நிறுவனத்தின் வெளிநாட்டு வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு லஞ்சம் கொடுத்து, 69 ஆயிரத்துக்கும் அதிகமானோரின் விவரங்களைத் திருடினார்கள்.

சென்னை அபார்ட்மென்ட்டில் ஆளைத் தேடுவது கொஞ்சம் சிரமம். ஏற்காடு மலையில் வெள்ளக்கடை மாதிரி ஊரில் வீடெடுத்து 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' பார்ப்பவர் என்றால்? டீக்கடையில் பெயரைச் சொன்னாலே வீட்டைக் கைகாட்டிவிடுவார்கள். போலீஸ் வந்து சேரவும் மலைப்பாதையில்தான் வரணும்.

என்ன பண்ணலாம்?

• லாப ஸ்க்ரீன்ஷாட்டை ஸ்டேட்டஸில் போடாதீங்க. சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பும் பொது இடம்தான்.
• ஹார்டுவேர் வாலட்டை வீட்டு முகவரிக்கு வரவழைக்காதீங்க.
• மொத்தத்தையும் போனில் வைக்காதீங்க. பெரிய தொகைக்கு 'மல்ட்டிசிக்' முறை நல்லது: மூன்று சாவியில் இரண்டு சேர்ந்தால்தான் பணம் நகரும். சாவிகளை வேறு வேறு ஊரில் வைக்கலாம்.
• எக்ஸ்சேஞ்சில் வசதி இருந்தால், புது முகவரிக்குப் பணம் அனுப்பக் காத்திருப்பு நேரம் வையுங்கள்.
• கத்தி கழுத்துக்கு வந்தால் கொடுத்துவிடுங்கள். உயிர்தான் முக்கியம். தப்பியதும் 112, பிறகு 1930.

அப்போ வருமான வரித்துறைக்கும் சொல்ல வேண்டாமா?

கண்டிப்பாகச் சொல்லணும். லாபத்துக்கு 30% வரி உண்டு. ரிட்டர்னில் தனி அட்டவணையே இருக்கிறது. அதில் உங்களுக்கும் நன்மை உண்டு. கிரிப்டோ ஒரு சொத்து, அதற்கு உரிமை கோரலாம் என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. நாளை பறிபோனால், 'இது என் சொத்து' என்று நிரூபிக்க உங்களிடம் கணக்கு வேண்டும். கணக்கில் காட்டாதவர் புகார் கொடுக்கவே தயங்குவார். அந்தத் தயக்கம்தான் பறிப்பவரின் துணிச்சல். அரசுக்குத் தெரியட்டும், ஊருக்குத் தெரிய வேண்டாம்.