சேர ஒரு கிளிக், விலக ஒரு காவியம்

அமேசான் பிரைம் சந்தாவை விட்டு விலக விரும்பிய அமெரிக்க வாடிக்கையாளர் நடக்கவேண்டியிருந்த பாதைக்கு, அந்த நிறுவனத்துக்குள் ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பத்தாண்டு இழுத்த ட்ராய் போரை வைத்து ஹோமர் பாடிய காவியம்தான். 4 பக்கம், 6 கிளிக், 15 தேர்வுகள் என்று அந்தப் பாதையை அளந்து காட்டியது, 2023 ஜூனில் வழக்குத் தொடுத்த அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம். சேருவதற்கோ ஒன்றிரண்டு கிளிக். வழக்கு 2025 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தது. 100 கோடி டாலர் அபராதம், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 150 கோடி டாலர். தவறு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை. பெயர் வைத்த ஊழியர் யாரோ, அவருடைய இலக்கிய ரசனையைக் குறை சொல்ல முடியாது.

தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவில் லாபத்தின் ஒரு பங்கு சேவையிலிருந்து வருகிறது. இன்னொரு பங்கு மறதியிலிருந்து வருகிறது. இரண்டாவது பங்கை அளந்து பார்த்தவர்கள் ஸ்டெஃபனோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற பொருளாதார அறிஞர்கள். 2006-ல் வெளியான அவர்களுடைய ஆய்வு, அமெரிக்காவில் 3 உடற்பயிற்சிக் கூடங்களின் 7,752 உறுப்பினர்களைப் பற்றியது. மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். கட்டியவர்கள் போன நாட்களைக் கணக்குப் பார்த்தால், ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே கூடத்தில் 10 வருகைக்கான அட்டை வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான்.

அதைவிடச் சுவாரசியமான கணக்கு வேறு. வருடச் சந்தா முடிந்ததும் தானாக நின்றுவிடும். மாதச் சந்தா, நிறுத்தச் சொல்லும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று மாதச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான், ஓராண்டைத் தாண்டியும் 17 சதவீதம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பந்தம் தானாக நீளும் பழக்கத்தை ஜெர்மனி நேரடியாகப் பிடித்தது. அங்கே உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்கள் கெடு தப்பினால் இன்னும் ஓராண்டுக்கு நீள்வது வாடிக்கையாக இருந்தது. 2022 மார்ச் 1 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களை அப்படி நீட்டிக்க முடியாது. முதல் தவணை முடிந்தபின் ஒரு மாத அவகாசத்தில் எப்போதும் விலகலாம். அதே ஆண்டு ஜூலை முதல், இணையத்தில் ஒப்பந்தம் விற்பவர்கள் அதை ரத்து செய்ய ஒரு பொத்தானும் வைத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் விலகுவதை எளிதாக்க இப்படி ஒரு விதி 2024 அக்டோபரில் வந்தது. முழுதாக நடைமுறைக்கு வரச் சில நாட்களே இருந்தபோது, 2025 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

இந்திய ரிசர்வ் வங்கி யோசித்த விதம் வேறு. நினைவூட்டும் வேலையை அது சந்தா விற்பவரிடம் விடாமல் வங்கியிடம் கொடுத்தது. நியாயமான யோசனை: வாடிக்கையாளர் மறந்துபோவதால் கொழிப்பவரையே மணி அடிக்கச் சொன்னால் அடிப்பாரா? கார்டில் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக, யாருக்கு, எவ்வளவு என்று செய்தி வரவேண்டும். வேண்டாம் என்றால் அப்போதே விலக வழியும் இருக்கவேண்டும். 2021 மார்ச் கெடுவுக்குள் வங்கிகள் தயாராகவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். அக்டோபர் பிறந்ததும் பலருடைய ஓடிடி சந்தா அறுந்தது, எரிச்சலும் கிளம்பியது. ஓடிபி கேட்காமல் பிடிக்கக்கூடிய தொகைக்கு அப்போதிருந்த 5,000 ரூபாய் வரம்பு, 2022 ஜூனில் 15,000 ஆனது.

விதி நல்லதுதான். ஆனால் அந்தக் குறுஞ்செய்தி வந்து விழுவது, கடன் தருகிறோம், மனை விற்கிறோம் என்ற செய்திக் குவியலுக்கு நடுவே. அடுத்த நாள் பணம் போன செய்தியைத்தான் ஆட்கள் படிக்கிறார்கள்.

இப்போது பெரும்பாலும் மாட்டிக்கொள்வது யூபிஐ ஆட்டோபேயில். சோதனைக் காலத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று காட்டுவார்கள். பின் நம்பர் போடும் திரையில் ‘அதிகபட்சத் தொகை’ என்ற வரியில் சில நூறு ரூபாய் இருக்கும், பக்கத்தில் ‘மாதந்தோறும்’ என்றிருக்கும். போடுபவரின் கண் அந்த ஒரு ரூபாயில்தான். பிறகு செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டு, தொல்லை விட்டது என்று இருப்பார்கள். ஆட்டோபே அனுமதி அதனோடு போவதில்லை. யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து அங்கேதான் ரத்து செய்யவேண்டும். விலகும் வழியையே ஒளித்து வைக்கும் தந்திரத்துக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை விதித்த 13 ஏமாற்று வடிவமைப்புகளில் இடம் உண்டு. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.