கடிக்காத பாம்பு என்னும் கட்டுக்கதை

பாம்பைப் பற்றிய கட்டுக்கதைகளுக்குத் தமிழில் பஞ்சமில்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்றோம். கண்கொத்திப் பாம்பு என்று அதற்குப் பெயரும் இட்டோம். கொம்பேறிமூக்கன் தான் கடித்தவனின் சிதை எரிவதை மரத்தின்மேல் ஏறி நின்று பார்க்கும் என்றோம். சாரையும் நாகமும் கூடும் என்றோம். படித்தவர்கள் இவற்றைக் கேட்டு நகைப்பது வழக்கம். ஆயின் அப்படித்தவர்களிடையே இப்போது புதிய கட்டுக்கதை ஒன்று வேர்விட்டு வருகிறது. ‘இது கடிக்காத பாம்பு, குணத்தில் சாது, வீட்டில் வைத்து வளர்க்கலாம்’ என்பதே அது.

தேனாம்பேட்டை போன்ற நெரிசல் மிகுந்த பகுதியில், நாய் வளர்க்கவும் குடியிருப்போர் சங்கத்தின் தயவை நாடவேண்டிய அடுக்ககங்களில், சத்தமிடாத, நடைக்கு அழைத்துச் செல்ல வேண்டாத உயிரொன்றின்மீது இளைஞர்க்கு ஆசை பிறப்பது இயல்பே. நம் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கிளையின்மேல் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, நடுவில் தலையை வைத்து உறங்கும் மரகதப் பச்சைப் பாம்பு. கிரீன் ட்ரீ பைத்தான், அதாவது பச்சை மர மலைப்பாம்பு. ‘கடிக்குமா ஐயா?’ என்பதே அவர் கேட்ட ஒரே கேள்வி. இலக்கியம் பேசும் பக்கத்தில் இதற்கென்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். ‘குணம்’ என்னும் சொல்லை நாம் எவ்வளவு அலட்சியமாகக் கையாள்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குக் கிட்டவில்லை.

முதலில் கேள்விக்கு நேர்விடை: கடிக்கும். நியூகினித் தீவும் அதைச் சூழ்ந்த சிறு தீவுகளும் ஆஸ்திரேலியாவின் வடமுனையான கேப் யார்க்கும் இப்பாம்பின் தாயகம். குட்டியாக இருக்கையில் மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ இருக்கும்; வளரும்போதே பச்சையாகும். நஞ்சில்லை. ஏறத்தாழ ஐந்தடி முதல் ஆறடி நீளம். பகலெல்லாம் அசையாது கிடந்து, இரவில் கிளையிலிருந்து தலையைத் தொங்கவிட்டு இரைக்காகக் காத்திருக்கும். உதட்டோரக் குழிகளால் வெம்மையை உணரும். இருட்டில் அதன் முகத்தருகே நீளும் மனிதக் கை, அப்பாம்புக்கு வெம்மையுள்ள இன்னோர் இரையே. நாம் அன்பெனக் கருதி நீட்டியதை அது உணவெனக் கருதிப் பற்றினால் பிழை யாருடையது?

அனுபவமுள்ள வளர்ப்போர் கடியை இருவகையாகப் பிரிப்பர். அச்சத்தால் கடிப்பது நொடியில் பற்றி விட்டுவிடும். இரையென்று கடிப்பது விடாது, உடலாலும் சுற்றும். முன்பற்கள் நீண்டவை, எல்லாப் பற்களும் உள்நோக்கி வளைந்தவை. ஆகவே கையை வெடுக்கென இழுத்தால் தசை கிழியும். பாம்பின் பல்லும் முறிந்து புண்ணில் தங்கும். இழுக்காமல், தலையின்மேல் தண்ணீரை ஓடவிட்டு, அது தானே விடும்வரை பொறுப்பதே முறை. பின்னர்ச் சோப்பும் நீருமிட்டுக் கழுவி மருத்துவரிடம் செல்லவேண்டும். டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். உயிருக்கு ஆபத்தில்லை; ஆனால் கண்ணருகே பட்டால் விளையாட்டுமில்லை. இன்ன பாம்பு என உறுதியாகத் தெரியாதபோது இந்த ஆறுதல் எதுவும் செல்லாது. நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியனும் பச்சை நிறந்தான், கிளையிற் சுருண்டு கிடப்பதுதான், அதற்கு நஞ்சுண்டு.

இனிக் குணத்துக்கு வருவோம். பகலில் அசையாது கிடப்பதைச் ‘சாது’ என்கிறோம். இரவில் தலைநீட்டிப் பாய்வதை ‘முரடு’ என்கிறோம். இரண்டும் ஒரே வேட்டையின் இரு பாதிகள். கையில் எடுக்கும்போது கடிக்காமலிருப்பதைப் ‘பழகிவிட்டது’ என்கிறோம். அது பழக்கமன்று, பொறுத்தல். வலிந்து கிளையிலிருந்து பிரித்தெடுத்தால் குட்டிகளின் முதுகெலும்பு பழுதுறும் என அறிந்தோர் எச்சரிக்கின்றனர். விவரமறிந்தவர்கள் பாம்பைத் தொடாமல் கிளையோடு எடுத்து இடம் மாற்றுவதும் அதனால்தான்.

தனித்தனிப் பாம்புகளிடையே வேறுபாடே இல்லை என்று நாம் சொல்லவில்லை. உண்டு. பியாக் தீவுப் பாம்பு முரடு, ஆருத் தீவுப் பாம்பு சாது என வளர்ப்போரிடையே ஒரு வழக்கும் உண்டு. ஆனால் தீவைக்காட்டிலும் பெரிய காரணம் ஒன்றிருக்கிறது. கூண்டிற் பிறந்து மனித நடமாட்டத்துக்கிடையே வளர்ந்த பாம்பு பொதுவாக அடங்கியிருக்கும். காட்டிற் பிடிபட்டு, பைக்குள் திணிக்கப்பட்டு, நீரின்றி, உண்ணிகளோடு கடல் கடந்து வந்தது சீறும், கடிக்கும். ஆகவே நாம் குணம் என்று சொல்வதில் பெரும்பகுதி, அது வந்த வழியின் கணக்கு.

அந்தக் கணக்கு அழகானதன்று. இந்தோனேசியப் பண்ணைகளை ஆராய்ந்து லயன்ஸ், நட்டுஷ் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பண்ணையிற் பிறந்தவையென ஏற்றுமதியான பச்சை மர மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டிலிருந்து களவாகப் பிடிக்கப்பட்டவை எனக் கணக்கிட்டது. பண்ணை என்பது பல இடங்களில் முத்திரை குத்தும் மேசையாகவே இருந்திருக்கிறது.

நம் ஊரும் இவ்வணிகத்துக்கு வெளியே இல்லை. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரில் சிக்கிய சரக்கில் 55 பால் பைத்தான்களோடு 17 கருநாகங்களும் இருந்தன. உடன்வந்த ஆறு குரங்குகள் செத்துக் கிடந்தன. இவை மர மலைப்பாம்புகள் அல்லவெனினும் பாதை ஒன்றுதான். சாதுப் பாம்பும் நஞ்சுப் பாம்பும் ஒரே சரக்கில் பயணம் செய்யும் சந்தையில் ‘கடிக்காது’ என்னும் உறுதிமொழிக்கு என்ன மதிப்பு?

சட்டம் மெல்லத்தான் நடந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் மண்ணின் மலைப்பாம்பைக் காத்தது; அயல்நாட்டு உயிர்களைப் பற்றி நெடுங்காலம் பேசவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு, அயல் உயிரினம் வைத்திருப்போர் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது. வைத்திருப்போர்க்கு நிம்மதி, வந்த வழி என்னும் கேள்வி அங்கே அழிந்தது. 2022இன் திருத்தமும் 2024இன் விதிகளும் பதிவைக் கட்டாயமாக்கின. மலைப்பாம்பினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், பச்சை மர மலைப்பாம்புக்கும் இது பொருந்தும். ஆசைப்படுவோர் இதையேனும் அறியவேண்டும்.

நாய்க்கடியைவிட இது தீங்கு குறைந்ததாயிற்றே, வெறிநோய் இல்லையே என்பது பாம்பு வளர்ப்போர் வாதம். கடியளவில் அது மெய்தான். ஆயின் நாய் பல்லாயிரம் ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்து நம் முகக்குறிப்பைப் படிக்கக் கற்ற உயிர். அது நம்மிடம் வருகிறது, இது கொண்டுவரப்படுகிறது.

மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்கையில், வீழ்ந்த மரம்போற் கிடக்கும் மாசுணத்தை விலகிப் போகச் சொல்கிறது. கொல் என்று சொல்லவில்லை, வணங்கு என்றும் சொல்லவில்லை. பாம்புக்கும் மனிதனுக்கும் இடையே இருக்கத்தக்க இடைவெளியை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன அறிவுரை வேறில்லை.

அந்த இடைவெளியை அறிந்தவர்கள் இன்றும் நம் அருகில் இருக்கிறார்கள். 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், பிடித்த பாம்பிடம் நஞ்செடுத்தபின் அதை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர். அவர்கள் அங்கே பிடிக்கச் சென்றது, வளர்ப்புப் பிராணியாக இறக்குமதியாகிக் காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பை. சலித்துப்போன ஆசையைத் தேடிப் பிடிக்க இருளர் கடல் கடக்கவேண்டியிருந்தது.

பாம்பின் அழகைக் காண விழைவோர்க்குக் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேகர் 1972இல் அங்கே நிறுவியது. தேனாம்பேட்டையிலிருந்து தொலைவும் இல்லை. அதற்குமேலும் வளர்த்தே தீருவேன் என்போர், கடிக்குமா என்று விற்பவரிடம் கேட்குமுன், இது எங்கே பிறந்தது, அதற்குத் தாள் எங்கே என்று கேட்கட்டும். அதற்கு விடை தராதவர் பாம்பின் குணத்தைப் பற்றிச் சொல்லும் எதையும் நம்பவேண்டியதில்லை என்பதே நம் கருத்து.