கலைந்து கிடந்தாலும் காரியம் நடக்கும்!

இதை நீங்கள் படிக்கும் செல்போனின் பேட்டரிக்குள் கோபால்ட் என்ற உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம். உலகில் தோண்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களில் குழந்தைகளும் வேலை செய்வது பலமுறை வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இருக்கின்றனதான். ஆனால், அதே எடைக்கு அவை சேமிக்கும் மின்சாரம் குறைவு. வேறு வழியே இல்லையா?

முதலில் கோபால்ட்டுக்கு அங்கே என்ன வேலை என்று பார்ப்போம். சார்ஜ் போடும்போது பேட்டரியின் நேர்முனையிலிருந்து லித்தியம் அயனிகள் கிளம்பி எதிர்முனைக்குப் போகின்றன. அப்போது நேர்முனையில் உள்ள உலோகம் எலெக்ட்ரானைக் கொடுத்தாக வேண்டும். போனைப் பயன்படுத்தும்போது லித்தியம் திரும்பி வரும். உலோகமும் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். பள்ளியில் ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று படித்தோமே, அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் இது.

1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கொண்டுவந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. 2019-ல், தன் 97-வது வயதில் அவர் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பொருளில் அணுக்கள் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். லித்தியம் போய்வரத் தனித் தளம் உண்டு. மலிவான உலோகங்கள் பலவற்றைப் போட்டால் இந்த அடுக்கு குலைந்துவிடும். குலைந்தால் பாதை அடைபடும், பேட்டரிக்கு ஆகாது என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நினைத்தார்கள்.

2014-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெர்பிராண்ட் சீடர் குழு இதை மாற்றிக் காட்டியது. லித்தியத்தைச் சுமார் 10% கூடுதலாகச் சேர்த்தால், கலைந்த அமைப்பிலும் பாதை கிடைக்கிறது! காபி ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பொடி எந்த வரிசையிலும் இல்லை. ஆனாலும் இடைவெளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் டிகாஷன் இறங்கிவிடுகிறது அல்லவா?

ஆனால், இதில் ஒரு சிக்கல். லித்தியத்துக்கு இடம் கொடுக்க உலோகத்தைக் குறைக்க வேண்டும். எலெக்ட்ரான் கொடுக்க ஆள் குறையும்போது ஆக்சிஜன் கைகொடுக்கிறது. அளவோடு கொடுத்தால் லாபம். அதிகம் கொடுத்தால் கொஞ்சம் ஆக்சிஜன் வாயுவாகி வெளியேறிவிடும். போனது திரும்பாது. பொருளின் மேற்பரப்பு சிதைந்து, பேட்டரியின் ஆயுள் குறையும்.

2018-ல் சீடர் குழுவே அதற்கும் ஒரு மருந்து சொன்னது. ஆக்சிஜனில் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஃப்ளூரின் வைத்தார்கள். அதனால், மலிவாகக் கிடைக்கும் மாங்கனீஸின் ஒரே அணு 2 எலெக்ட்ரான்கள் வரை கொடுக்க முடிந்தது. ஆக்சிஜனின் தலையில் விழுந்த பாரம் குறைந்தது.

இந்த பேட்டரி நம் போனுக்கு இன்னும் வரவில்லை. நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் போட்டாலும் திறன் குறையாமல் இருக்கவேண்டும். வேகமாகவும் சார்ஜ் ஏற வேண்டும். அதற்கான ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. டிராயரில் தூங்கும் பழைய போன்களை, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். அவற்றில் இருக்கும் கோபால்ட்டைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். அந்த அளவுக்கு, புதிதாகத் தோண்ட வேண்டியது குறையும்.