நாக்கு பயிலும் முதற்பள்ளி



எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் எதை நினைத்து அழுதார்கள் தெரியுமா? எண்ணிக்கை நூலின் 11ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். எகிப்தில் உண்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். செங்கடலைக் கடந்தாயிற்று, சாட்டையடி நின்றாயிற்று, நாள்தோறும் மன்னாவும் கிடைக்கின்றது. ஆயினும் நாக்கு மட்டும் எகிப்திலேயே தங்கிவிட்டது. நன்றி கெட்டவர்கள் என்று மறையுரைகளில் அவர்களை நாம் இலகுவாகக் கடிந்துவிடுகின்றோம். நான் அவ்வாறு நினைப்பதில்லை. அவர்கள் எகிப்திலே பிறந்து, எகிப்திலே தம் தாயின் கையால் உண்டு வளர்ந்தவர்கள். சிறுவயதிற் படிந்த சுவை ஒரு கடலைக் கடந்தவுடன் கழுவுப்பட்டுப் போவதில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாழும் எம்மவரைப் பாருங்கள். முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஊரிலிருந்து எவரேனும் வருவதாக அறிந்தால் வறுத்திடித்த மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் அல்லவா கேட்கின்றார்கள்? அங்குள்ள கடைகளில் அவை கிடைக்காமலில்லை. அம்மா வறுத்த பதந்தான் அக்கடைகளில் இல்லை.

இது வெறும் ஏக்கமன்று. உடலே அவ்வாறு பயிற்றப்படுகின்றது என்று அறிவியலும் கூறுகின்றது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், தாய்மார் சிலர் கருவுற்றிருந்த இறுதி மாதங்களிலும், வேறு சிலர் பாலூட்டிய காலத்திலும் கரட் சாறு அருந்தி வந்தனர். பின்னர் அக்குழந்தைகளுக்குக் கரட் கலந்த தானிய உணவு ஊட்டப்பட்டபோது, ஏனைய குழந்தைகளைவிட அவர்கள் முகஞ்சுளிப்பது குறைவாக இருந்தது. அதாவது, பாயில் அமர்ந்து உண்ணும் வயது வருமுன்பே பிள்ளை தாயின் உணவிற் பங்குகொண்டு விடுகின்றது.

இனிப்பை விரும்ப எந்தக் குழந்தைக்கும் கற்பிக்க வேண்டியதில்லை, அது பிறவிக்குணம். கசப்பையும் துவர்ப்பையும் ஏற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். புதியதோர் உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு எட்டு, பத்து, சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட தடவைகள் அதனைச் சுவைக்க வேண்டியிருக்கும் என்பது ஆய்வாளர் பலரும் கண்ட உண்மை. நாமோ இரண்டாம் நாளிலேயே, “இவன் பாவற்காய் தொடமாட்டான்” என்று தீர்ப்பிட்டு விடுகின்றோம். அதுவும் பிள்ளையின் காதுபட! வீட்டுக்கு வரும் விருந்தினரிடமும் அதனையே பெருமையோடு கூறுகின்றோம். பிறகு அப்பிள்ளை தன் பெயரைக் காப்பதற்காகவேனும் பாவற்காயைத் தொடாது.

எங்கள் அம்மம்மாமார் இந்த ஆய்வுகளை அறியார். ஆனால் அவர்களுக்குக் குழையல் தெரியும். ஒரு பெரிய சட்டியிலே சோற்றை இட்டு, மீன்குழம்பு, கீரை, கத்தரிக்காய், மிஞ்சிய பாவற்காய்க்கறி யாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, சுற்றியிருக்கும் பேரப்பிள்ளைகளின் உள்ளங்கைகளில் ஆளுக்கொரு கவளமாக வைத்துக்கொண்டே வருவார்கள். அக்கவளத்தில் எது பாவற்காய், எது முருங்கையிலை என்று பிரித்தெடுக்க இயலாது. பிரித்தெடுக்க நேரமும் இல்லை. தாமதித்தால் அடுத்த கவளம் பக்கத்திலிருக்கும் மச்சானின் கைக்குப் போய்விடும். எட்டுத் தடவை, பத்துத் தடவை என்று எவரும் எண்ணாமலேயே அந்தச் சட்டியைச் சுற்றிப் பாடம் நடந்து முடிந்தது. முறை வரும்வரை காத்திருத்தல், சிறியவனுக்கு முதலிற் கொடுத்தல், சட்டியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக் கேட்டல் ஆகியனவும் அங்கேயே கற்கப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதினருக்கு மற்றுமோர் அனுபவம் உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அரும்பொருளாயிற்று. ஜாம் போத்தலில் பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டு எரித்த சிறு விளக்கொன்றே வீட்டின் முழு வெளிச்சம். விளக்கு ஒன்றாகையால் இரவு உணவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். சீனி விலையேறியபோது, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்த பின்னரோ, கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் உண்டோம். அந்த நாட்கள் நல்லவை என்று நான் சொல்லவரவில்லை. பசியைப் புகழ்கின்றவன் பசித்திருந்தவனாக இருக்க முடியாது. ஆனால் எங்களைச் சுற்றிக் குடும்பம் இருந்தது.

அந்தப் பிள்ளைகளே இன்று பெற்றோர். “நாங்கள் பட்ட பாட்டை எங்கள் பிள்ளைகள் படக்கூடாது” என்று அவர்கள் கூறும்போது அதில் நியாயம் இருக்கின்றது, கண்ணீரும் இருக்கின்றது. ஆகவேதான் பிள்ளை கேட்குமுன்பே பிஸ்கட்டும் சோடாவும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. எமக்கு அன்று கிடையாதிருந்ததெல்லாம் இன்று அன்பின் அடையாளமாகிவிட்டது. இனிப்புப் பானங்களின் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் வர்ணக் குறியீட்டை அரசு 2016இல் அறிமுகப்படுத்தியது. சிவப்பு வட்டத்தை நாம் காண்கின்றோம், கண்டுகொண்டே வாங்குகின்றோம். 2005-2006இல் நடந்த ஆய்வில் இலங்கையில் வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018-2019இல் நடந்த மற்றோர் ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் மேலாயிற்று. ஆய்வு முறைகள் வேறுபட்டாலும், எங்கள் மருத்துவமனைகளின் கிளினிக் வரிசைகளைக் கண்டவர்களுக்கு இது வியப்பளிக்காது. நாம் பட்ட பசியைப் பிள்ளைகளிடமிருந்து விலக்கிய அதே கையால் அவர்களுக்கு வேறொரு துன்பத்தைப் பரிமாறுகின்றோமோ என்று அஞ்சுகின்றேன்.

“கீரையைச் சாப்பிட்டால் ஐஸ்கிறீம் தருவேன்” என்று பேரம் பேசுவோரும் உளர். இந்தப் பேரத்தில் பிள்ளை எதைக் கற்கின்றது? கீரை தண்டனை, ஐஸ்கிறீம் பரிசு என்பதைத்தான். பரிசாகக் கொடுக்கப்படும் உணவின்மீது விருப்பம் கூடுகின்றது என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. (வெண்டிக்காய் உண்டால் கணக்கு வரும் என்று எங்களை ஏமாற்றியவர்கள் இதைவிட மேலானவர்கள், அவர்கள் வெண்டிக்காய்க்குப் பெருமையாவது சேர்த்தார்கள்.)

இன்னுமொன்று. எங்கள் இல்லங்களில் அம்மா எப்போது உண்கின்றார்? எல்லாரும் உண்டு எழுந்த பின்னர், குசினியில், சட்டியில் எஞ்சியதை வழித்து. இதனைத் தியாகம் என்று நாம் போற்றி வந்துள்ளோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீரையின் நன்மையை வாயாற் கூறும் தாய், அதனைத் தன் கோப்பையில் இட்டு உண்பதைப் பிள்ளை ஒருநாளும் காண்பதில்லை. ஆனால் மற்றொன்றை அது நாள்தோறும் காண்கின்றது: மீன் துண்டு அப்பாவுக்கு, பொரியல் அண்ணாவுக்கு, அடிச்சட்டி அம்மாவுக்கு. மகன் அதைப் பார்த்து எதிர்பார்க்கக் கற்கின்றான். மகள் விட்டுக்கொடுக்கக் கற்கின்றாள். அவர்கள் நாளை அமைக்கும் இல்லங்களிலும் இதுவே தொடரும்.

உணவுவேளையைக் கடவுள் எத்துணை மதித்தார் என்பதற்கு விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரம் சான்று. பாஸ்கா உணவின்போது பிள்ளைகள் எழுந்து, இதன் பொருள் என்ன என்று வினவுவார்கள் என்றும், பெற்றோர் அப்போதே விடை கூறவேண்டும் என்றும் அங்கே கட்டளை இருக்கின்றது. எம்மிடையேயும் அத்தகைய உணவுகள் உண்டு. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலின் நினைவாகக் கஞ்சி வழங்கப்படும்போது, “ஏன் இதில் கறியில்லை?” என்று ஒரு சிறுபிள்ளை கேட்டால், 2009ஆம் ஆண்டை அதற்கு எடுத்துச்சொல்லும் தருணம் அதுவே. ஆனால் கேட்பதற்குப் பிள்ளையும் சொல்வதற்குப் பெற்றோரும் ஒரே பாயில் இருந்தாக வேண்டும்.

இருக்கின்றார்களா? மாலை ஆறு மணிக்குத் தனியார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளை எட்டு மணிக்குத் திரும்புகின்றது. வழியிலே ஒரு ரோல்ஸ். வீட்டில் அப்பா தொலைக்காட்சிச் செய்தியின் முன் உண்கின்றார்; அக்கா கைத்தொலைபேசியோடு அறைக்குள் உண்கின்றாள்; தம்பிக்கு நூடில்ஸ். வீட்டின் ஒவ்வோர் அறையிலும் இன்று மின்விளக்கு எரிகின்றது. இதற்குப் பெற்றோரை மட்டும் குறைகூறுவது நீதியன்று. கடைசிப் பேருந்தில் வேலையால் வருபவர்களும், பிள்ளைகளை அப்பம்மாவிடம் விட்டு வெளிநாடு சென்ற தாய்மாரும் எம் பங்குகளில் இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஏழு இரவுகளையும் கேட்க நான் துணியேன். வாரத்தில் இரண்டு இரவுகள் போதும். அந்த இரவுகளில் அப்பம்மாவே பாயின் நடுவில் இருக்கட்டும்.

ஞாயிறு காலையில் மறைக்கல்விக்காகத் தனியார் வகுப்புகளை நிறுத்துங்கள் என்று திருச்சபையினராகிய நாம் பல காலமாகக் கேட்டு வருகின்றோம். இரவு ஏழரை மணிக்காகவும் நாம் அவ்வாறு கேட்கவேண்டும் என்பது என் கருத்து. இராச்சோற்றை இழந்து பெறும் புள்ளிகளால் எவ்வளவு பயன் என்று கல்வி நிலையங்களை நடத்துவோரும் சிந்திக்கட்டும். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

அதுவரை, வரும் ஞாயிறு இரவு வீட்டிலே ஒடியற்கூழ் காய்ச்சுங்கள். கூழை ஒருவருக்கென்று தனியே காய்ச்ச இயலாது. மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் சேர்ந்தால் பானை தானாகவே பெரிதாகிவிடும். பலாவிலைகளைக் கோலுவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். முதல் இலையை அம்மாவின் கையிற் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் குடித்து, உறைப்புக் கூடிவிட்டதா என்று சொல்லட்டும்.